வெறும் பெட்டிதானே!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பார்கள் பெரியவர்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்ப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். வீடு கட்டுகிறவருக்கும் கல்யாணம் செய்கிறவருக்கும் உற்றார் உறவினர் துணை நிற்பார்கள். வீடு மாறுகிறவருக்கு முதல் துணை காலிப் பெட்டிதான். அந்தக் காலிப் பெட்டியைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். ஆண்டு மலரில் எழுதுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிரிக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நம் வேப்பந்தட்டை பெரிய நகரம் அன்று. ஆயினும் ஒரு வட்டத்தின் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பள்ளிகள், கல்லூரி, வங்கி, பருத்தி ஆராய்ச்சி நிலையம் என்று பணியாளர்கள் வந்து போகும் இடங்கள் இங்குப் பல உண்டு. வருகிறவர்கள் வாடகை வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பார்கள். மாறுதல் உத்தரவு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும். பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளைப் புதிய ஊரில் சேர்த்தாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் புதிய வீட்டில் பால் காய்ச்சப் பலர் விரும்ப மாட்டார்கள். எனவே மே, ஜூன் மாதங்களில் எல்லார்க்கும் ஒரே சமயத்தில் பெட்டி வேண்டியிருக்கிறது. மாநகரங்களில் பணம் கொடுத்தால் கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் வைப்பதும் ஆகிய எல்லாவற்றையும் செய்து தர நிறுவனங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு குட்டியானை வண்டிக்கு வாடகை பேசுவதே பெரும் செலவு. பெட்டிக்கும் பணம் கொடுக்க யாரால் முடியும்? ஆகவே கடை கடையாகக் கேட்கிறோம்.

சென்ற கோடையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தைக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. அவளுடைய தாயார் தனியாகத் திண்டாடுவதைக் கண்டு, பெட்டி தேடும் பொறுப்பை நாங்கள் ஐவர் ஏற்றுக்கொண்டோம். முதல் கடையில், “இல்ல பாப்பா, இப்பத்தான் எடுத்துக்கிட்டுப் போனாங்க” என்றார்கள். இரண்டாவது கடையில், “நாங்க கிலோக் கணக்குல போடுறோம்மா, சும்மா குடுத்தா கட்டாது” என்றார்கள். எங்களுக்குச் சற்று வருத்தம்தான். மூன்றாவது கடைக்காரர் மட்டும், “எத்தனை வேணும்? எடுத்துக்கங்க” என்று பின்பக்கத்தைக் காட்டினார். 11 பெட்டிகள் கிடைத்தன. ஆளுக்கு இரண்டு மூன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பாதை தெரியாமல் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு, பெரும் வெற்றி பெற்றவர்கள்போல் வீடு திரும்பினோம்.

மறுநாள் காலையில் சணல் வாங்குவதற்காக அதே கடைக்குப் போனோம். கடையின் பின்பக்கம் ஒரு வயதான ஆயா, மடித்த சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “ஏம்ப்பா, இன்னைக்கு ஒண்ணுமே இல்லியா?” என்று கேட்டார். “புள்ளைங்க வந்து கேட்டாங்கன்னு குடுத்துட்டேன் ஆயா. நாளான்னைக்கு சரக்கு வரும், வா” என்றார் கடைக்காரர். ஆயா வேறொன்றும் பேசவில்லை. சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கடையைப் பார்த்து நடந்தார். அவர் கேட்ட ‘புள்ளைங்க’ நாங்கள்தாம் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அன்றுதான் ஒன்று புரிந்தது. இலவசம் என்று நாம் சொல்லும் காலிப் பெட்டிக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். சில கடைகளில் அது கடைக்காரரின் சில்லறை வருமானம். சில கடைகளில் மூட்டை இறக்கும் பையனின் தேநீர்க் காசு. சில கடைகளில், வாசல் பெருக்கிக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு மூதாட்டி பெறும் கூலி. பழைய பேப்பர் கடையின் தராசில் ஏறும்போது அது அரிசியாகவும் மாத்திரையாகவும் மாறுகிறது. “வெறும் பெட்டிதானே, கொடுத்தால் என்ன?” என்று நாம் கேட்கும்போது, இல்லாதவர் ஒருவரின் கையிலிருந்து அறியாமலே எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் பெட்டி கேட்பதே தவறா? தவறு இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. அதற்குக் காரணம் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சாமான்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு சேர்த்த பின்னும் அட்டைப்பெட்டியின் எடை குறைவதில்லை. நனையாமல் இருந்தால், நேற்று அதற்கு என்ன விலையோ அதே விலைதான் இன்றும். ஆகவே நமக்கு வேண்டியது பெட்டி அன்று, பெட்டியின் இரண்டு நாள் உழைப்பு மட்டுமே. நம் தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு. தானம் அன்று, இரவல். பக்கத்து வீட்டில் இட்லிப் பானையை இரவல் வாங்கினால் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். பெட்டியை மட்டும் ஏன் தெருவில் எறிகிறோம்?

தோழியின் தாயாரிடம் ஆயாவைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, “வண்டி திரும்பி வரும்போது வெறுமனேதானே வரும்?” என்றார். எங்கள் ஐவருக்கும் தோன்றாத யோசனை அது! புதிய வீட்டில் பாத்திரங்களையும் துணிகளையும் அன்றே இறக்கிவிட்டு, 7 பெட்டிகளை மடித்துச் சணலால் கட்டி, அதே வண்டியில் அனுப்பிவைத்தார். மீதி நான்கை அங்கே வீடு மாறவிருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். கட்டை எடுத்துக்கொண்டு ஆயாவைத் தேடிப் போனோம். அவர் அதை இரு கைகளாலும் அமுக்கிப் பார்த்து, “நனையாம வச்சிருக்கீங்களே” என்று மட்டும் சொன்னார். கொடுத்த பொருளின் மதிப்பை எங்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

இந்த எளிய பொருள் வந்த வழியும் அறியத் தக்கதே. மடிப்பு மடிப்பாக அலைபோல் வளைத்த தாளுக்கு இங்கிலாந்தில் 1856இல் காப்புரிமை பெற்றார்கள். அப்போது அது உயரமான தொப்பிகளுக்கு உள்பட்டையாகப் பயன்பட்டது. 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர், புட்டிகளும் விளக்குக் கண்ணாடிகளும் உடையாமல் சுற்றிவைக்க அத்தகைய தாளைப் பயன்படுத்தினார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தாள் பை செய்துவந்த இராபர்ட் கேர் என்பவரின் தொழிற்கூடத்தில் 1879இல் ஒரு தவறு நேர்ந்தது. மடிப்பு விழச் செய்ய வேண்டிய உலோகப் பட்டை இடம் பிசகிப் பைகளை வெட்டிவிட்டது. அந்த நஷ்டத்திலிருந்தே, வெட்டுவதையும் மடிப்பு இடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்து பெட்டி தயாரிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. தவறு செய்துவிட்டு அழுதுகொண்டிருக்கும் மாணவியர் இதனை நினைவில் வைக்கலாம்!

நம் பாட்டிமார் காலத்தில் கடைக்குச் சரக்கு வந்தது கள்ளிப் பெட்டியில். காலியானதும் அது புத்தக அலமாரியாகும், உட்காரும் பலகையாகும், பெட்டிக்கடையின் மேசையாகும், கடைசியில் அடுப்புக்கு விறகாகும். அதை எவரும் குப்பை என்று சொன்னதில்லை. இன்று வரும் பெட்டி அட்டையால் ஆனது. மூன்று தாள்கள்: மேலும் கீழும் தட்டையான தாள், நடுவே அலைத்தாள். நடுவிலுள்ள அந்த வளைவே பாரம் தாங்குகிறது. நம் நாட்டில் இப்பெட்டிகளுக்கான பழுப்புத் தாள் பெரும்பாலும் பழைய தாளைக் கூழாக்கியே செய்யப்படுகிறது. ஆயா திரட்டும் அட்டை மறுபடியும் பெட்டியாகி நம் ஊர்க் கடைக்கே வரக்கூடும்! தாள் செய்யப் புதிய நார் வேண்டுமானால் மரமோ கரும்புச் சக்கையோ வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசு 1979இல் நிறுவிய காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து பெயர் பெற்றது. அதன் இரண்டாவது ஆலை மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016 முதல் அட்டைத்தாள் தயாரித்து வருகிறது. எறையூர்ச் சர்க்கரை ஆலைக்கு வரிசையாகப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு தாளுக்குப் பின்னால் எத்தனை பேரின் வியர்வை இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, பெட்டி தேடும் வீட்டாருக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். போன உடனே பெட்டி கிடைக்காது. சரக்கு எந்தக் கிழமையில் வருகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். வியாபாரம் மும்முரமாக நடக்கும் மாலை வேளையில் போய் நிற்கக் கூடாது. மருந்துக் கடைப் பெட்டிகள் சிறியவை, சுத்தமானவை. அவற்றில் புத்தகங்களை வைக்கலாம். கனமான பொருள் சிறிய பெட்டியில், இலேசான பொருள் பெரிய பெட்டியில் என்பதே விதி. பெரிய பெட்டி நிறையப் புத்தகத்தை அடுக்கிவிட்டால் தூக்குபவரின் இடுப்பும் போகும், பெட்டியின் அடியும் போகும். பிஸ்கட், சோப்புப் பெட்டிகள் பாத்திரத்துக்கு ஏற்றவை. ஆனால் சோப்பு வாசனை அரிசியில் ஏறிவிடும். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகக் கடைகளில் உறுதியான பெட்டிகள் கிடைக்கும். கண்ணாடிப் பொருள்களைச் சுற்ற வேறு தாள் தேட வேண்டாம். பழைய சேலையும் துண்டும் எப்படியும் கூட வரத்தானே போகின்றன? எந்தப் பெட்டியானாலும் மடிப்புகளைப் பிரித்து வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். கரப்பான் பூச்சியும் அதன் முட்டையும் வாடகை கொடுக்காமல் புது வீட்டில் குடியேறாமல் இருக்கும்.

துணிமணிக்கும் பாயுக்கும் பெட்டியே வேண்டுமென்பதில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி நம்முடையது. சாக்குக்கும் வலைப்பைக்கும் இங்குப் பஞ்சமில்லை. நன்றாக உதறிய தானியச் சாக்கு தலையணைகளையும் போர்வைகளையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். வெங்காய வலைப்பையில் செருப்புகளைப் போட்டுக் கட்டிவிடலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் பெட்டிகள் உறுதியாக இருக்கும், கேட்டவுடன் கிடைக்கும். அவற்றை வாங்கவே கூடாது. 2017ஆம் ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் பலர் நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும், சிலர் உயிரிழந்ததையும் நம் வீடுகளில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே ஒரு புட்டி கசிந்திருந்தாலும் அட்டை அதனை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பின் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் தம்பியின் பால் தம்ளரையும் தங்கையின் சட்டையையும் வைத்து எடுத்துப் போகலாமா? மருந்துப் புட்டிகளின் சீட்டில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சளானால் கொடிய நஞ்சு, நீலமானால் மிதமான நஞ்சு, பச்சையானால் சிறிதளவு நஞ்சு. அந்தக் குறியோ பூச்சிமருந்தின் பெயரோ உள்ள பெட்டி எந்த நிறமானாலும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான் இதை வீட்டாருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். யூரியாச் சாக்குக்கும் இதுவே பொருந்தும். அதில் அரிசி கட்டக் கூடாது.

மற்றொரு பெட்டியைப் பற்றிச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் உண்மையை மறைப்பானேன்? வீடு மாறும் வண்டிகளைக் கவனித்தால், 2003 முதல் அரசின் வாணிபக் கழகம் நடத்திவரும் மதுக்கடைகளின் பெட்டிகள் பல இருப்பதைக் காணலாம். புட்டிகள் மோதாமல் இருக்க உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருப்பதால் கண்ணாடித் தம்ளர்களுக்கு அவை மிகவும் வசதி. அத்தகைய பெட்டியொன்றில் செபமாலையும் திருவிவிலியமும் பயணம் போனதை நாங்களே கண்டிருக்கிறோம். பெட்டிக்குப் பாவம் இல்லை என்பதே எங்கள் எண்ணம். ஆனால் அதை வாங்கி வரப் பிள்ளைகளை அந்தக் கடை வாசலுக்கு அனுப்புவது நிச்சயம் தவறு. அங்கே நின்று பார்க்கும் காட்சிகளைப் பிள்ளைகள் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

நம் பள்ளியின் அருட்சகோதரிகளுக்கும் மாறுதல் வருவதுண்டு. அவர்கள் புறப்படும் நாளில் வண்டியில் ஏறுவது ஒரு பெட்டி, ஒரு பை. சில சமயம் நாம் கொடுத்த ஒரு பூந்தொட்டி. வழிக்குப் பையோ பணமோ மாற்று உடையோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இயேசு தம் சீடரைப் பணித்து அனுப்பியதை லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குடும்பம் நடத்துகிறவர்கள் அப்படிப் போக இயலாது. எனினும் 30 பெட்டி தேடுமுன், அந்த முப்பதில் எத்தனை நமக்குத் தேவை என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? மூன்று ஆண்டுகளாகத் திறக்காத மூட்டையை மறுபடியும் திறக்காமலே புதிய பரணில் ஏற்றுவதற்காக எத்தனை பேர் பெட்டி தேடுகிறோம்!

குறை சொல்வதோடு நின்றுவிட்டால் அது அரட்டையாகிவிடும். பெல்ஜியம் நாட்டுக் குருவானவரும் பின்னர்க் கர்தினாலுமான யோசேப்பு கார்டைன், இளைஞர்களுக்கு மூன்று படிகளைக் கற்பித்தார்: பார்ப்பது, சீர்தூக்குவது, செயல்படுவது. பார்த்தோம். சீர்தூக்கினோம். செயலுக்கு ஒரு யோசனையை நம் பள்ளியின் முன் பணிவுடன் வைக்கிறோம்.

பள்ளியில் ஒரு மூலையைப் ‘பெட்டி மூலை’ என ஒதுக்க வேண்டும். இப்போது சிற்றூர்களுக்கும் கூரியரில் பொருள்கள் வருகின்றன. அந்தப் பெட்டிகள் பல வீடுகளில் அன்றே குப்பையாகின்றன. ஏப்ரல் மாதம் முதல் மாணவியர் தம் வீட்டிலுள்ள நல்ல பெட்டிகளை மடித்துக் கொண்டுவரட்டும். கடையிலிருந்து கேட்டு வாங்கிவர வேண்டாம், அவை ஆயாவுக்கு உரியவை. தரையில் வைத்தால் கரையான் அரிக்கும். ஆகையால் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, இடையிடையே வேப்பிலை போடலாம். ஊர்ப் பெயரிலேயே வேம்பை வைத்திருக்கும் நமக்கு அதற்குக் குறைவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாங்கியவர் பெயர், எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். வெளியூர் போகிறவர்கள் காலி வண்டியில் திருப்பி அனுப்பலாம். முடியாவிட்டால் போன ஊரில் வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்தாலும் கணக்குச் சரி என்று எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு எழும் மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தோம். பழைய அட்டையைச் சேர்த்துவைத்தால் எலியும் பூச்சியும் வரும் என்பார்கள். உண்மை. அதனால்தான் 40 பெட்டிகளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறோம், ஆடிக்குப் பின் ஒன்றையும் வைக்க வேண்டாம் என்கிறோம். மீந்ததை விற்றுப் பள்ளி நிதியில் சேர்க்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கிழிந்ததும் மீந்ததும் நம் தெருக்களில் அட்டை பொறுக்கிப் பிழைக்கும் மூதாட்டியர்க்கே சேர வேண்டும். அதுவும் வாசலில் எறிந்து அன்று, கட்டிக் கையில் கொடுத்து. பள்ளிக்கு நிதி திரட்ட வேறு வழிகள் உண்டு. அவர்களுக்கு இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டைப் பற்றி எச்சரித்தார். பொருளை எறிந்து பழகிய கை மனிதரையும் ஒதுக்கத் தயங்காது என்பது அதன் சாரம். மண்ணின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறு வேறு அல்ல என்றும் அவர் எழுதினார். ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில், மடித்த சாக்கோடு நின்ற ஆயாவைப் பார்த்தபோது அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

அன்பு மாணவியரே, அடுத்த கோடையில் நம்முள் யாராவது ஒருத்தியின் வீட்டிலும் சாமான் கட்டத்தான் போகிறார்கள். அப்போது கடைக்காரரிடம், “அண்ணே, காலிப் பெட்டி இருக்குங்களா?” என்று தாராளமாகக் கேளுங்கள். அதோடு இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “வழக்கமா இதை யாருக்குக் குடுப்பீங்க?” பதில் கிடைத்ததும் அந்தப் பெயரைப் பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள். புதிய வீட்டில் சாமான் இறக்கி முடிந்ததும் பெட்டி யாரிடம் போக வேண்டும் என்பதை அது மறக்கவிடாது.